கூண்டு ஏற்றாத இரவு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு டெலிவிஷனுக்கு ஓய்வே கிடையாது. தொடர்கதையில் மாமியார் மருமகளைப் பார்த்து முறைக்கிற நேரம் பார்த்து, கீழே ஒரு பட்டையில் புயல் சமாசாரம் ஓட ஆரம்பிக்கும். "சென்னைத் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." இதைப் படித்துவிட்டு என் பேரன் கேட்டான்: "பாட்டி, அந்தக் கூண்டுக்குள்ளே என்ன இருக்கும்? புலியா?"

எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் சிரிக்கிறோம். ஆனால் சத்தியமாகச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் அந்தக் கூண்டைப் பார்த்திருக்கிறோம்? நானும் இத்தனை வருஷம் பார்த்ததில்லை. கரையான்சாவடியிலிருந்து கடல் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. ஊரின் பெயரில் 'கரை' இருக்கிறதே தவிர, கடல் இல்லை. டிரங்க் ரோட்டில் லாரியின் இரைச்சல்தான் எங்களுக்கு அலையோசை. ஆனாலும் 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தபோது, எங்கள் தெருக்கோடி வேப்பமரம் வேரோடு சாய்ந்து, மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தோசை வார்த்தோம். கடல் தூரத்தில் இருக்கலாம். காற்றுக்குத் தூரம் ஏது?

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் ஓர் உயரமான கம்பம் உண்டு. பகலில் அதில் கூம்பு மாதிரியும் பீப்பாய் மாதிரியும் சில உருவங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். எது மேலே எது கீழே என்பதைப் பார்த்து, கடலில் இருப்பவன் புரிந்துகொள்வான். ஒன்று, இரண்டு என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேராபத்து. பதினொன்று என்றால், வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி உங்கள் சாமர்த்தியம் என்று அர்த்தம். ஆக, கூண்டு நமக்காக ஏற்றுவதல்ல. கடலில் இருப்பவனுக்காக ஏற்றுவது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது புஸ்தகம் அல்ல. வாரத்தில் மூன்று நாள் காசிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கூடை தூக்கி வரும் மீன்காரம்மாதான்.

"கூண்டு ஏத்திட்டாங்கம்மா. நாளைலேருந்து வர மாட்டேன். எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் கரையேறினாரு" என்றாள்.

"வெயில் இப்படிக் காய்கிறதே! புயல் வருகிற மாதிரியே தெரியவில்லையே?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெயிலைப் பார்த்துக் கடலுக்குப் போவக் கூடாதும்மா. கடல் சாதுவா இருந்தாத்தான் எங்களுக்கு வயித்தைக் கலக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 1746-ம் வருஷத்து அக்டோபர் மாதம் ஞாபகத்துக்கு வந்தது. என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அன்றைக்கும் சென்னைக் கடல் சாதுவாகத்தான் இருந்தது. ஏற்றுவதற்குக் கூண்டு ஒன்றுதான் இல்லை.

அந்தக் கப்பல்களின் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் நன்றாயிருக்கும்.

பிரெஞ்சுக்காரர்களில் லபூர்தொனே என்று ஒருவர் இருந்தார். முழுப்பெயர் பெர்த்ரான் பிரான்சுவா மாஹே த லபூர்தொனே. நமக்கு லபூர்தொனே போதும். 1699-ல் சேன் மாலோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே கப்பல் ஏறியவர். 1735 முதல் மொரீஷியஸ் தீவுக்குக் கவர்னர். வெறும் காடாகக் கிடந்த இடத்தில் போர்ட் லூயி துறைமுகத்தை உண்டாக்கியவர். அந்த வேலைக்கு அவர் ஆள் பிடித்தது எங்கிருந்து தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து! கொத்தர், தச்சர் என்று தமிழ்க் கைவேலைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

1744-ல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் யுத்தம் மூண்டது. ஆங்கிலேயரின் போர்க் கப்பல்கள் நம் பக்கத்துச் சமுத்திரத்துக்கு வந்து, பிரெஞ்சு வியாபாரக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன. புதுச்சேரியில் கவர்னராக இருந்த டூப்ளே, மொரீஷியஸுக்குச் சொல்லியனுப்பினார். லபூர்தொனே என்ன செய்வார்? கையில் போர்க் கப்பலே இல்லை. கிடைத்த வியாபாரக் கப்பல்களையெல்லாம் நிறுத்தி வைத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் பீரங்கியை நுழைத்து, மூட்டை தூக்கியவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். திடீரென்று இருபது விருந்தாளி வந்துவிட்டால், நாம் பக்கத்து வீட்டு அண்டாவையும் எதிர் வீட்டு ஜமக்காளத்தையும் வாங்கி வந்து சமாளிப்பதில்லையா? அந்த மாதிரிதான். பிரான்ஸிலிருந்து வந்து சேர்ந்த 'அஷீல்' என்ற எழுபது பீரங்கிக் கப்பல் ஒன்றுதான் அவரிடம் இருந்த நிஜமான போர்க் கப்பல். மற்றவை பெயரில் மட்டும் பெரியவை: பூர்போன், பீனிக்ஸ், நெப்டியூன், ஆர்லியான்ஸ் கோமகன், லீஸ், சேன் லூயி... லீஸ் என்றால் அல்லிப் பூ. அல்லிப் பூ பீரங்கி தூக்கிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டது!

புறப்பட்ட உடனேயே சகுனம் சரியில்லை. 1746 ஏப்ரலில் மடகாஸ்கர் தீவுக்கருகே பெரும் புயல். ஒரு கப்பலைப் பறிகொடுத்தார். மற்றவை பாய்மரம் முறிந்து, தண்ணீர் கசிந்து, ஆண்டோங்கில் குடாவில் போய் ஒதுங்கின. வேறு யாராக இருந்தாலும் 'போதும், திரும்புவோம்' என்றிருப்பார்கள். லபூர்தொனே அங்கேயே பட்டறை போட்டார். கயிறு திரிக்க ஓர் இடம், மரம் இழைக்க ஓர் இடம், இரும்பு அடிக்க ஓர் இடம். காட்டில் மரத்தை வெட்டி, சேற்றிலும் சகதியிலும் இழுத்து வந்து, புதிய பாய்மரம் நட்டார்கள். ஓயாத மழை. காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு நாளில் கப்பல்களைத் தயார் செய்து, மறுபடி பாய் விரித்தார். எனக்கு இந்த மனிதரிடத்தில் அபிமானம் ஏற்படுவது இந்த இடத்தில்தான். சண்டையில் ஜயித்தவர் எத்தனையோ பேர். கிழிந்ததைத் தைத்துக் காரியத்தை நடத்துகிறவர் கொஞ்சம் பேர்தான். அது எவ்வளவு கஷ்டம் என்று குடும்பம் நடத்துகிற நமக்குத் தெரியும்.

கப்பல்களில் ஏறக்குறைய 3,300 பேர். அவர்களில் எழுநூறு பேர் ஆப்பிரிக்கர்களும் லாஸ்கர்களும். லாஸ்கர் என்றால் நம் கீழ்த்திசை மாலுமிகள். இவர்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

ஜூலை மாதம் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயத் தளபதி பெய்ட்டனோடு ஒரு மோதல். யாருக்கு ஜயம் என்று சொல்ல முடியாத சண்டை. ஆனால் மறுநாள் பெய்ட்டன் திரிகோணமலைப் பக்கம் போய்விட்டார். அப்புறம் வங்காளத்துக்கே ஒதுங்கிவிட்டார். சென்னைப்பட்டினத்தைக் காக்க நடுக்கடலில் ஆளில்லை.

செப்டம்பர் 14-ம் தேதி பிரெஞ்சுப் படை சென்னைக்குத் தெற்கே கரையிறங்கியது. கோட்டைக்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் முந்நூறு பேர்தான். கவர்னர் மோர்ஸ் யுத்தம் தெரியாத வியாபாரி. தரையிலிருந்தும் கப்பலிலிருந்தும் குண்டுகள் வந்து விழுந்தன. 21-ம் தேதி கோட்டை சரண். பிரெஞ்சுக்காரர் தரப்பில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஊருக்குள் நாலைந்து பேர் குண்டு வெடித்து இறந்தார்கள், இரண்டு மூன்று வீடுகள் இடிந்தன என்று ராபர்ட் ஓர்ம் என்ற சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். இவ்வளவு சுலபமாக ஒரு பட்டணம் கைமாறியது. பிடிபட்ட கம்பெனிக் குமாஸ்தாக்களில் இருபது வயசுப் பையன் ஒருவன். பிற்பாடு மாறுவேஷம் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு ஓடிப்போனான். பெயர் ராபர்ட் கிளைவ். அவன் கதை வேறு, இன்றைக்கு வேண்டாம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் லபூர்தொனேக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். ஆனால் பிடித்த ஊரை என்ன செய்வது என்ற கேள்வி கிளம்பியது.

லபூர்தொனே, "ஆங்கிலேயரிடம் 11 லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அக்டோபர் 15-க்குள் நான் கப்பல்களோடு கிளம்ப வேண்டும்" என்றார். (ஒரு வராகன் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். அந்தக் காலத்து மூன்றரை ரூபாய்!) புதுச்சேரியிலிருந்த டூப்ளே, "இந்தியாவில் கவர்னர் நான். பிடித்த ஊர் என் அதிகாரத்துக்கு உட்பட்டது. திருப்பிக் கொடுக்கக் கூடாது" என்றார். போதாக்குறைக்கு, ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனிடம், "ஊரைப் பிடித்து உங்களுக்கே தருகிறோம்" என்று டூப்ளே முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு பெண்ணை மூன்று இடத்தில் நிச்சயம் செய்த கதை! டூப்ளே தன் ஆட்களைச் சென்னைக்கு அனுப்பினார். லபூர்தொனே அவர்களையே காவலில் வைத்தார். கடிதத்துக்கு மேல் கடிதம். ஒவ்வொரு கடிதமும் போய், பதில் வருவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். திருப்பிக் கொடுப்பதற்காக லபூர்தொனே ரகசியமாக ஒரு பெருந்தொகை கைநீட்டி வாங்கினார் என்ற பேச்சு வேறு கிளம்பியது. அது நிஜமா, பொய்யா என்று இன்றுவரை சரித்திரக்காரர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். இரண்டு பேரும் தங்கள் தேசத்துக்காகத்தான் பாடுபட்டார்கள். ஓரகத்திகள் இருவர் கூடத்தில் நின்று 'யார் பெரியவள்' என்று வாதாடிக்கொண்டிருக்கையில் அடுப்பில் பால் பொங்கி வழிகிற மாதிரி, இங்கே காலண்டர் நகர்ந்துகொண்டிருந்தது.

ஏன் அக்டோபர் 15? அங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்றைக்கு நாம் பார்க்கிற துறைமுகம் அன்று கிடையாது. 1875-ல்தான் அதற்கு அஸ்திவாரக் கல் நட்டார்கள். அதையும் 1881-ல் ஒரு புயல் வந்து உடைத்துவிட்டுப் போயிற்று. லபூர்தொனே காலத்தில் கடல் கோட்டை மதிலை ஒட்டி இருந்தது. கப்பல்கள் கரைக்கு வரவே முடியாது. தள்ளி நின்று திறந்த கடலில் நங்கூரம் போட வேண்டும். ஆளும் சரக்கும் கரை சேர மசூலாப் படகு. செய்தி கொண்டு போகக் கட்டுமரம்.

மசூலாப் படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். நிஜமான தையல்! அலை வந்து மோதும்போது படகு நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த சீமைப் படகு பிளந்துவிடும். எவ்வளவு பெரிய கவர்னரானாலும் சென்னை மண்ணில் கால் வைக்க, நம்மூர்ப் படகோட்டியின் தையலை நம்பித்தான் அலையைத் தாண்ட வேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்று பிறந்தால் இந்தத் திறந்த கடலில் நிற்பது தற்கொலை. காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடிக்கும். நங்கூரம் பிடி விட்டால் கப்பல் நேரே மணலில் வந்து மோதும். தப்பிக்க ஒரே வழி, நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டு, காற்று முற்றுவதற்குள் நடுக்கடலுக்கு ஓடுவது. அதனால்தான் அக்டோபர் பாதிக்குள் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடுவது வழக்கம். லபூர்தொனேக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும், சண்டை முடியட்டும் என்று காத்திருந்தார். அவர் குறித்த கெடுவுக்கு இன்னும் இரண்டே நாள்தான் பாக்கி.

அக்டோபர் 13. (ஆங்கிலேயர் புஸ்தகங்களில் அக்டோபர் 2 என்று இருக்கும். பயப்பட வேண்டாம். அவர்கள் அப்போது பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள், 1752-ல்தான் மாற்றிக்கொண்டார்கள். நம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சண்டை போடுவதில்லையா?) அன்று பகல் முழுவதும் அருமையான வானிலை. இளங்காற்று. கோட்டைக்கு எதிரே ஆறு பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரத்தில் நின்றன. கொள்ளையிட்ட சரக்கெல்லாம் அவற்றில் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பல தேசத்துச் சின்னக் கப்பல்கள். லபூர்தொனே கரையில், கோட்டைக்குள் இருந்தார்.

நடுநிசியில் காற்று எழுந்தது.

அந்த இரவைப் பற்றி எழுத எனக்குச் சக்தியில்லை. வர்தா புயலின்போது கதவைச் சாத்திக்கொண்டு, நாலு சுவருக்குள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதே தெய்வங்களை எல்லாம் வேண்டிக்கொண்டேன். நாலு பக்கமும் சுவரே இல்லாமல், காலுக்குக் கீழே தரையும் இல்லாமல், கும்மிருட்டில் நின்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பாய்மரம் முறிந்து விழுந்தால் அது கயிறுகளில் சிக்கிக்கொண்டு கப்பலின் வயிற்றில் இடிக்கும். கோடாலியால் வெட்டித் தள்ள வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறும். பாரம் குறைய, கீழ்த்தளத்துப் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். மொரீஷியஸில் எத்தனை பாடுபட்டு ஏற்றிய பீரங்கிகள்!

பொழுது விடிந்தது. கோட்டை மதில் மேல் நின்று பார்த்தார்கள். முதல் நாள் மாலை ஆறு கப்பல் நின்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை. கடல் மட்டும்தான் இருந்தது. காற்று அன்று மத்தியானம் வரைக்கும் ஓயவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. ஒரு கப்பல் காற்றோடு தெற்கே வெகுதூரம் அடித்துக்கொண்டு போய், திரும்பி வரவே முடியவில்லை. 'அஷீல்' எல்லாப் பாய்மரங்களையும் இழந்து, மொட்டைக் கட்டையாக மிதந்தது. மற்றவையும் பாய்மரம் போய், பாதி தண்ணீரோடு எந்த நிமிஷமும் மூழ்கலாம் என்று தத்தளித்தன. 'ஆர்லியான்ஸ் கோமகன்' ஒரு சுழல் காற்றில் அகப்பட்டு, அலை மூடி, கண் மூடித் திறப்பதற்குள் மறைந்தது. அதிலிருந்து உயிரோடு மீண்டவர்களைக் கைவிரலால் எண்ணிவிடலாம். இவை தவிர, வெவ்வேறு தேசத்துக் கப்பல்கள் இருபது, கரையில் மோதியோ கடலில் மூழ்கியோ நாசமாயின என்று ஓர்ம் கணக்குச் சொல்கிறார். ஒரு வாரத்து முற்றுகையில் குண்டு பட்டுச் செத்தது நாலைந்து பேர். ஓர் இரவுக் காற்றில் போனது நூற்றுக்கணக்கில்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அந்த எழுநூறு பேர் என்ன ஆனார்கள்? கப்பல்களின் பெயர்களை இருநூற்றெழுபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் நாம் சொல்கிறோம். கவர்னர்களின் பெயர்கள் தெரியும். கயிறு இழுத்த லாஸ்கரின் பெயர் ஒன்றாவது யாராவது எழுதி வைத்திருப்பார்களா என்று தேடினேன். கண்ணில் படவில்லை. எந்தத் துறையிலோ, எந்தக் குப்பத்திலோ ஒருத்தி வாசலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு எத்தனை நாள் காத்திருந்திருப்பாள்? கப்பல் மூழ்கிய செய்தியை அவளுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்?

பழைய கதைதானே என்று சொல்ல முடியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரிக் கடற்கரையில் பெண்கள் எத்தனை நாள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தோமல்லவா? எச்சரிக்கை வந்தபோது, ஆழ்கடலுக்குப் போனவர்கள் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. கரையில் கூண்டு ஏறினால் அவர்கள் கண்ணுக்குத் தெரியுமா?

லபூர்தொனே கதையை முடித்துவிடுகிறேன். புயலுக்குப் பிறகும் மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. மடகாஸ்கரில் செய்த மாதிரியே, மிஞ்சிய கப்பல்களைக் கட்டி நிமிர்த்தினார். அக்டோபர் 21-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டே நாளில் சென்னையை விட்டுக் கிளம்பினார். அவர் முதுகு மறைந்ததும் டூப்ளே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். ஏமாந்துபோன நவாப் தன் மகன் மாபூஸ்கானைப் படையோடு அனுப்பினார். அந்தப் பெரும் படையை நவம்பர் 4-ம் தேதி அடையாற்றங்கரையில், பாரதி என்ற தளபதி (நம் பாரதி அல்ல, பிரெஞ்சில் பாராடி என்று எழுதுவார்கள்) சில நூறு பேரை வைத்துக்கொண்டு சிதற அடித்தார். சென்னை மூன்று வருஷம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிறகு 1748-ல் ஐரோப்பாவில் நடந்த சமாதானத்தின்படி, கனடாவிலுள்ள லூயிபூர்க் கோட்டைக்கு மாற்றாக, 1749-ல் சென்னையை ஆங்கிலேயரிடமே கொடுத்துவிட்டார்கள். பழைய புடவைக்குப் பாத்திரம் மாற்றிய மாதிரி! அத்தனை கப்பலும் அத்தனை உயிரும் எதற்காகப் போயின என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆங்கிலேயர் மட்டும் தப்பினார்களா? பழிக்குப் பழி வாங்கப் பெரிய கப்பற்படையோடு வந்த அட்மிரல் பாஸ்கவன், 1748-ல் புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பார்த்து, மழை பிடித்துக்கொண்டதும் திரும்பினார். 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துக்கு அருகே புயல். அவருடைய சொந்தக் கப்பலான 'நாமூர்' ஐந்நூறு பேருக்கு மேல் ஆட்களோடு மூழ்கியது. அட்மிரல் அப்போது கரையில் இருந்தார். லபூர்தொனேயும் கரையில், பாஸ்கவனும் கரையில். நான் ஒன்றும் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

தாய்நாடு திரும்பிய லபூர்தொனேக்கு வரவேற்பு பாஸ்டில் சிறைச்சாலையில் கிடைத்தது. டூப்ளே தரப்பு அனுப்பிய புகார்கள் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தன. ஏறக்குறைய மூன்று வருஷம் சிறை. தன் பக்க நியாயத்தை எழுதக் காகிதமும் மையும் தரவில்லை. மனிதர் என்ன செய்தார் என்று ஒரு கதை உண்டு. சாப்பாட்டில் வந்த சாதத்தின் கஞ்சியைக் கைக்குட்டைகளில் தோய்த்து விறைப்பாக உலர்த்தினாராம். கரியையும் காபி வண்டலையும் குழைத்து மை செய்தாராம். ஒரு செப்புக்காசை வளைத்துக் குச்சியில் செருகிப் பேனா ஆக்கினாராம். அதை வைத்துக்கொண்டு தன் வழக்கை எழுதினார். துணிக்குக் கஞ்சி போடத் தெரிந்த ஆண்பிள்ளை! 1751-ல் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தார்கள். உடம்பு அதற்குள் போய்விட்டது. 1753 நவம்பரில் இறந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய டூப்ளேயையும் 1754-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவரும் கடன்காரராக 1763-ல் கண்ணை மூடினார். இன்று டூப்ளேக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் சிலை. லபூர்தொனேக்குப் போர்ட் லூயியில் சிலை. நடுவில் ஒரு சமுத்திரம். நல்ல வேளை.

இந்தச் சண்டையை அன்றாடம் பக்கத்திலிருந்து பார்த்து, தமிழிலேயே எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரியில் வியாபாரம் செய்து, டூப்ளேயின் துபாஷியானவர். 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தவர். 1736-ல் ஆரம்பித்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் யாரிடம் என்ன பேசினார், எந்தக் கப்பல் வந்தது, எது போயிற்று என்று எல்லாம் அதில் இருக்கிறது. தினக்கணக்கு எழுதுகிற நோட்டில் மனசில் பட்டதையும் சேர்த்து எழுதுகிற வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு, விடாதீர்கள்.

போன மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய் வந்தேன். கரையான்சாவடியில் பஸ் ஏறி, மெட்ரோ ரயில் தூண்களை எண்ணிக்கொண்டே போனோம். (பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும், ஏறக்குறைய 26 கிலோமீட்டர் பாதை. எங்கள் ஊரையும் கடலையும் ஒரே தண்டவாளம் இணைக்கப் போகிறது என்பதில் பேரனுக்கு ஏகக் குஷி.) கோட்டையில் மியூசியத்தைப் பார்த்தோம். 1746-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஆங்கிலேயர் பிற்பாடு திரும்பக் கொண்டு வந்த கருங்கல் தூண்களைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். வெளியே வந்து, கடல் எங்கே என்று தேடினான். மதிலைத் தொட்ட கடல், துறைமுகம் கட்டியபின் மணல் சேர்ந்து விலகிப் போய்விட்டது. இப்போது நடுவில் ரோடும் மோட்டார் வண்டிகளும். தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன.

"அந்த ஆறு கப்பலும் எங்கே நின்னுது, பாட்டி?"

கையை நீட்டிக் காட்டினேன். சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "அந்தக் கப்பலுக்குப் புயல் வந்தா யார் சொல்வா?" என்றான். "கூண்டும் சொல்லும், ஆகாசத்திலிருக்கிற செயற்கைக் கோளும் சொல்லும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீன்காரப் பாட்டி வீட்டுத் தாத்தாவுக்கு?" என்றான்.

இந்தத் தடவை புயல் எங்கள் பக்கம் வரவில்லை. வடக்கே ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. நாலாம் நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கூடையோடு மீன்காரம்மா.

"கூண்டு இறக்கிட்டாங்களா?"

"இறக்கிட்டாங்கம்மா. நேத்து ராத்திரியே போயிட்டு வந்துட்டாரு. நெத்திலி இருக்கு, பாருங்க. துள்ளுது."

விலையைக் கேட்டேன். வழக்கத்தைவிட அதிகமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு மட்டும் நான் பேரம் பேசவில்லை.